வேட்டி மெக்கானிக்கும் தெளிக்காத வாசலும்

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், கியர்பாக்ஸின் மனசு தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். ராஜபாளையத்து வேட்டி மெக்கானிக். நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். ஊரிலுள்ள மெக்கானிக்கெல்லாம் காக்கியில் கிரீஸ் பூசிக்கொண்டு திரிய, இவர் மட்டும் மாப்பிள்ளை மாதிரி வெள்ளை வேட்டியில் ஷெட்டுக்கு வருவார்.

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரத்தில் டீச்சர் வேலை. என் இடது கால் சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்காது, கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் கிளட்சே இல்லாத ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். யாரிடமும் "செத்த நேரம் கொண்டுவந்து விடுறீகளா" என்று கெஞ்சாமல் நான் பள்ளிக்கூடம் போய்வந்தது அந்த வண்டியில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழியில் அதற்குச் சீக்கு வந்தது. மிதித்தால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. பிறகு யாரோ பின்னாலிருந்து எத்தியதுபோல் பாயும். வெளியூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸே போச்சு மேடம், வண்டிய எடைக்குப் போட்டுருங்க" என்றார்கள். என் வீட்டுக்காரர் ரிட்டயர்டு மிலிட்டரி, பனிமலையில் லாரி ஓட்டியவர். "கியர் போடாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா? இனிமே நானே கொண்டுபோயி விடுதேன்" என்று சொல்லி, சனிக்கிழமை வரும்படி பழைய இரும்புக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். வீட்டுக்காரருக்காகப் பள்ளிக்கூட வாசலில் தேவுடு காத்து நிற்கும் பிழைப்பை நினைத்தாலே எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வியாழக்கிழமை அடம்பிடித்து அவரையும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் போனேன்.

வேட்டி மெக்கானிக் பானட்டைத் தொடவில்லை. கண்ணாடி டம்ளரில் டீ வாங்கிவந்து டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஓட்டுங்க டீச்சர். ஆரும் பேசப்படாது."

ஓட்டினேன். அவர் கண் டீயை விட்டு நகரவில்லை. "ஒண்ணுலருந்து ரெண்டுக்கு மாறயில சிந்துது. பொறவு சிந்தல."

பின்சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர், "நான் மிலிட்டரியில..." என்று ஆரம்பித்தார்.

"அய்யா, டீ ஆடுது."

கப்சிப். முப்பது வருஷமாக என்னால் முடியாத காரியம்.

ஷெட்டுக்குத் திரும்பியதும், எஞ்சின் ஓடும்போதே கியர்பாக்ஸ் ஆயில் பார்க்கும் குச்சியை உருவினார். மோந்து பார்த்தார். அப்படியே தன் வேட்டி ஓரத்தில் ஒற்றினார்! நல்ல ஆயில் சிவப்பு, கருகியது புளிக்குழம்பு நிறம், வெள்ளையில் வைத்தால்தான் உண்மை தெரியுமாம். ஊர் வண்டிகளின் ஜாதகமெல்லாம் அந்த வேட்டி ஓரத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது.

"கருகல. ஆனா ஆயிலே இல்லயே, நுனியில மட்டும்லா ஒட்டிருக்கு."

"அதெப்படி? தினம் காலையில அஞ்சு மணிக்கு நானே பாக்கேன். ஃபுல்லா இருக்கும்" என்று என் வீட்டுக்காரர் சண்டைக்குப் போனார்.

"எஞ்சின ஓடவிட்டா?"

"நிப்பாட்டித்தான். லாரியில அப்படித்தான பாப்போம்."

"அது எஞ்சின் ஆயிலுக்குய்யா. இந்த வண்டியில சூடாகி ஓடயில பாக்கணும். நிப்பாட்டுனா ஆயிலு கீழ எறங்கி, ஃபுல்லுன்னு பொய் சொல்லும்."

குனிந்து அடியில் பார்த்தார். ஒரே சேறு. "எங்கயோ ஒழுகுது. வண்டி நிக்கிற எடத்துல செவப்பாச் சொட்டு பாத்தீகளா?"

"இல்லையே அண்ணாச்சி. ராத்திரி வாசல்லதான் நிக்கும். காலையில அவிய நகத்துனதும் நான் வாசத் தெளிச்சு, கோலம் போட்டு, காவி பூசிருவேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணியும் தெளிச்சு, காவியும் பூசுனா எங்கிட்டுத் தெரியும்? நாளைக்குத் தெளிக்காதீக." வீடு போய்ச்சேரும் அளவுக்கு ஆயில் ஊற்றிவிட்டு, ஒரு பழைய வேட்டியை எடுத்துக் கொடுத்தார். "இத அடியில விரிச்சு வையுங்க. வண்டிய நகத்தப்படாது. காலையில வாரேன்."

மார்கழியில், அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூரில், வாசல் தெளிக்காமலா? வெள்ளி விடிந்தபோது தெரு முழுக்கக் கோலமும் பூசணிப்பூவும். எங்கள் வாசல் மட்டும் காய்ந்து கிடக்க, வண்டிக்கு அடியில் வெள்ளை வேட்டி. எதிர்வீட்டு அக்கா பேயறைந்த முகத்தோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர்... சாரு நேத்துகூட நல்லாத்தான இருந்தாக?"

"இப்பவும் நல்லாத்தான் இருக்கேன்" என்று வாய் நிறையப் பற்பசையோடு என் வீட்டுக்காரர் வெளியே வர, அக்கா போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. பூக்காரர் வேறு சைக்கிளை நிறுத்தி, "மாலை எத்தன வேணும்?" என்றார்.

ஏழு மணிக்கு வேட்டி மெக்கானிக் வந்தார். வேட்டியில் ஒரே இடத்தில் எட்டுச் சொட்டு, நல்ல சிவப்பு. அதற்கு நேர் மேலே விரலால் சேற்றை வழித்தார்.

"கியர்பாக்ஸ் ஆயிலு சூடு ஆற ரேடியேட்டருக்குப் போற ஹோஸு வெடிச்சிருக்கு. அம்புட்டுத்தான் டீச்சர். கியர்பாக்ஸு உசுரோட இருக்கு."

நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

அன்றைக்கே ஹோஸை மாற்றி, ஆயில் ஊற்றி, டீ வைத்து ஓட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டு சிந்தவில்லை. சனிக்கிழமை வந்த பழைய இரும்புக்காரரை அதே வண்டியில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டில் நானே இறக்கிவிட்டு வந்தேன்.

பொங்கலுக்கு வேட்டி மெக்கானிக்குக்கு ஒரு புது வேட்டி கொண்டுபோனேன். கையில் வாங்கியவர், நேராக என் வண்டிக்கு வந்து எஞ்சினை ஓடவிட்டு, குச்சியை உருவி அதன் ஓரத்தில் ஒற்றிவிட்டார். "மொதப் பொட்டு உங்க வண்டிக்கு!"

போன மாதம் அவர் மகள் கல்யாணம். நானே ஓட்டிக்கொண்டு போனேன். பெண்ணைப் பெற்றவர் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டார் ஒருவர் அவர் காதருகே போய், "மச்சான், வேட்டியில கறை" என்றார்.

"கறை இல்ல மச்சான்" என்று என்னைக் கைகாட்டினார். "அந்தா வாராகள்ல, அவுக வண்டி நல்லாருக்குன்னு அர்த்தம்."