சீருக்கு ஒரு பரங்கிக்காய்

அன்று காலையும் ஒரு பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்து கிடந்தது. கண்ணுசாமி அதைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மகள் வைஷ்ணவிக்கு இது தலைப்பொங்கல். "சீர்ல வைக்கிற பரங்கிக்காய் எங்க கொல்லையில காய்ச்சதாத்தான் இருக்கும்" என்று சம்பந்தி வீட்டில், யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வந்திருந்தார். மார்கழியும் பிறந்துவிட்டது. குளத்தூரிலேயே இவர் கொடி மாதிரி படர்ந்த கொடி கிடையாது. காய்தான் கிடையாது.

"சந்தையில ஒண்ணு வாங்கிட்டுப் போவோங்க" என்றாள் மனைவி மீனம்மாள்.

"சம்பந்தி காம்பைப் பாத்தே கண்டுபிடிச்சிருவாரு. பிஞ்சுக்காய் ஒண்ணு நின்னாலும் மானம் தப்பும்."

பூச்சிதான் காரணமென்று மருந்தடித்தார். பூச்சி போயிற்று, கூடவே தேனீயும் போயிற்று. பிஞ்சுகள் முன்னைவிட வேகமாக உதிர்ந்தன.

தோட்டக்கலை ஆபீசில் இருக்கும் உதயசூரியனுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, பூவுக்குக் கீழ குட்டிப் பிஞ்சு இருந்தா பொண் பூ. வெறும் காம்பா இருந்தா ஆண் பூ. ஆண் பூவோட மகரந்தம் பொண் பூவுல ஒட்டுனாத்தான் காய் நிக்கும். அதுக்குத்தான் தேனீ. நீங்க அதையும் வெரட்டிட்டீங்க. இனிமே நீங்கதான் ஆண் பூவைப் பறிச்சுத் தடவி விடணும்."

வைஷ்ணவிக்கு மாப்பிள்ளை தேடி அலைந்த அலுப்பே இன்னும் தீரவில்லை. இப்போது பரங்கிக்கும் தேட வேண்டும்.

விடிந்ததும் இலை இலையாக விலக்கிப் பார்த்தார். பெண் பூக்கள் வாய் திறந்து நின்றன. ஆண் பூ ஒன்றுகூட இல்லை. மறுநாளும் இல்லை.

"ஒங்க கொடிக்கு ஆம்பளைன்னாலே ஆகாது போல" என்றாள் மீனம்மாள்.

அடுத்த நாள் வல்லத்திராக்கோட்டைக்குப் பைக்கில் போய், மச்சான் தோட்டத்தில் ஓர் ஆண் பூவைப் பறித்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஊர் வந்து சேர்வதற்குள் அது வதக்கிய கீரையாகச் சுருண்டுவிட்டது. முதுகுவலிதான் மிச்சம்.

மீனம்மாள் முகத்தில் விழிக்க மனசில்லாமல் பின்தெரு வழியாக வண்டியைத் திருப்பினார். கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கத்து வீட்டு வாசலை அடைத்து ஒரு கோலம். கோலமெங்கும் சாணி உருண்டை. ஒவ்வோர் உருண்டையிலும் பளிச்சென்று ஒரு பரங்கிப்பூ. காலேஜில் படிக்கும் மோகனப்ரியா கோலத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணுசாமி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். "இதெல்லாம்... எங்க கொடிப் பூவா பாப்பா?"

"ஆமா மாமா. மாசப்பொறப்புலேருந்து தெனமும் விடியுறதுக்கு முன்னாடியே வந்து அங்கிட்டுதான் பறிக்கிறேன். அத்தைதான் பறிச்சுக்கச் சொன்னாங்க." அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் பதறினாள். "பயப்படாதீங்க மாமா! சீருக்குக் காய் வேணும்னு எனக்குத் தெரியாதா? பிஞ்சு இருக்கிற பூ ஒண்ணைக்கூடத் தொடல. காய்க்காத வெத்துப் பூவாப் பாத்து, ஒண்ணு விடாமப் பறிச்சுட்டேன்!"