இரண்டு மொழிகளில் ஒரு கூழ்

ஒரு மொழியில் தோற்பது யாருக்கும் நடக்கும். நான் ஒரே பின்னேரத்தில் இரண்டு மொழிகளில் தோற்றவன். அதில் ஒன்று எனக்குத் தெரியாத மொழி. தெரியாத மொழியிலும் தோற்பதற்குக் கொஞ்சம் கெட்டித்தனம் வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு கவிதைத் தொகுப்புகள் வந்திருந்தன. (இரண்டையும் முழுதாய் வாசித்த ஒரே மனிதர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அவருக்கும் அது சம்பளத்துக்குச் செய்த வேலை.) நிலவு இல்லாமல் எனக்கு எதுவும் எழுத வராது. வங்கிக்கு எழுதிய விண்ணப்பத்திலும் ஒரு நிலவு இருந்ததாக அம்மா இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

சண்டை ஓய்ந்து, வீதிகளுக்கு மறுபடி தார் போட்டுக்கொண்டிருந்த காலம். கொக்குவிலைச் சேர்ந்த சிவா அண்ணை ஒரு படம் எடுக்க வந்தார். ஒரு கதை, ஒரே நடிகர்கள், இரண்டு மொழி. ஒவ்வொரு காட்சியையும் முதலில் தமிழில் எடுப்பார்கள். கமராவை அசைக்காமல் உடனே அதையே சிங்களத்திலும் எடுப்பார்கள். தமிழ் வசனம் என்னுடையது, சிங்களம் அதன் மொழிபெயர்ப்பு. அரியாலையில் கடலேரியைப் பார்த்தபடி இருந்த எங்கள் வீட்டு வளவையும் நானே படப்பிடிப்புக்குக் கொடுத்தேன். அந்த நாட்களில் பின்னேர வெயில் கடலேரித் தண்ணீரில் பட்டு எங்கள் குசினிச் சுவரில் வந்து நெளியும். இப்போது நடுவில் ஒரு மாடிவீடு எழும்பிவிட்டது. அந்த வெளிச்சத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

கதாநாயகி கிருபா அக்கா. உடுப்பிட்டியில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, தேவாலயப் பாடகர் குழுவில் பாடி, பிறகு கொழும்புக்குப் போய் நடிகையானவர். சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களில் அவருக்கு எப்போதும் தமிழ் வேலைக்காரி வேடம். தமிழ் நாடகங்களில் கொழும்புப் பெண் வேடம். போன இடமெல்லாம் மற்ற ஊர்க்காரியாக இருந்தார்.

அன்று காலை எங்கள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"எட்டு வருசமாச் சிங்கள நாடகத்திலை கதவு திறந்து விடுறன், தம்பி. ஒருக்காலாவது கதவைத் தட்டிக்கொண்டு உள்ளுக்கை வாற ஆளா நடிக்க வேணும்."

"அதுக்குத்தானே அக்கா இந்தப் படம்."

"தமிழுக்கு நான்தான். சிங்களத்துக்கு இன்னும் முடிவில்லை. மாத்தையா இண்டைக்கு வாறார். பின்னேரக் காட்சியிலை என்ரை சிங்களம் அவருக்குப் பிடிக்காட்டி, சிங்களத்துக்குக் கொழும்பிலையிருந்து வேறை ஆள்."

மாத்தையா என்றது படத்தின் தயாரிப்பாளரை. அமைதியான சிங்கள மனிதர், தமிழில் ஒரு சொல்லும் தெரியாதவர்.

பின்னேரக் காட்சி இதுதான்: கடலுக்குப் போன கணவன் மூன்று நாளாய்த் திரும்பவில்லை. வீட்டில் கூழ் காய்ச்சியிருக்கிறார்கள். மனைவி பனையோலையில் மடித்த ஒரு பிளா நிறையக் கூழை முழுதாய்க் குடித்துவிட்டு, மாமியாரிடம் பேச வேண்டும். கண்ணில் ஒரு துளி நீர் வரக்கூடாது. அது சிவா அண்ணையின் கண்டிப்பான கட்டளை.

நான் பதினொரு வசனம் எழுதியிருந்தேன். "கடல் ஒரு கதவில்லாத வீடு, மாமி. என் கண்ணீரைக் குடித்துத்தான் இந்த நிலவு வெளுத்திருக்கிறது…" என்று அது போகும். (உடுப்பிட்டியில் என்ன, உலகத்திலேயே எந்த மருமகளும் மாமியாரிடம் இப்படிக் கதைத்ததில்லை. கதைத்திருந்தால் மாமியார் மந்திரிக்கக் கூட்டிப்போயிருப்பார்.)

கலை இயக்குநர் அரிசிமாக் கஞ்சியில் மஞ்சள் கரைத்து, இதுதான் கூழ் என்று கொண்டுவந்தார். எனக்கு வந்ததே கோபம்!

"சிவா அண்ணை, கூழ் எண்டா கூழா இருக்க வேணும். யாழ்ப்பாணத்தான் ஒருத்தன் இந்தப் படத்தைப் பார்த்தா காறித் துப்புவான். அம்மாவைக் காய்ச்சச் சொல்லுறன்."

அம்மா காய்ச்சினார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, பழப்புளி, அம்மியில் அரைத்த செத்தல் மிளகாய். கூழ் குடிக்கிறவருக்கு மூக்கால் நீர் ஓடாவிட்டால் அன்று அம்மாவுக்கு நித்திரை வராது.

கமராவில் ஆவி தெரிய வேண்டுமென்பதால் பானை அடுப்பிலேயே இருந்தது. நேரம் போகப் போகக் கூழ் வற்றியது, உறைப்பு வற்றவில்லை.

முதல் முறை கிருபா அக்கா நன்றாய்க் குடித்து, நன்றாய்ச் சொன்னார். பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டர் போட்டார்கள். மறுபடி. இரண்டாம் முறை சேவல். மூன்றாம் முறை எல்லாம் சரியாக வந்தது. சிவா அண்ணை முகம் மலர்ந்தார். அப்போது நான் எழும்பினேன்.

"அண்ணை, அக்கா நிலவை விட்டிட்டா."

"ஐசே, நிலவில்லாமலே நல்லாத்தானே இருக்கு?"

"நிலவில்லாட்டி அந்த வசனத்துக்கு உயிரில்லை அண்ணை."

என் நிலவுக்காக இன்னும் நான்கு முறை எடுத்தார்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு புதுப் பிளா, நிறையக் கூழ். ஐந்தாவது பிளாவோடு அம்மா மெல்லக் கேட்டார்:

"உறைக்குதோ பிள்ளை?"

கிருபா அக்காவின் காது சிவந்திருந்தது. மேலுதட்டில் வியர்வை. ஆனால் கேட்டது அரியாலை. பதில் சொல்ல வேண்டியது உடுப்பிட்டி.

"சீச்சீ, இல்லை அன்ரி. எங்கடை பக்கம் இதைவிட உறைப்பாத்தான் காய்ச்சுவினம்."

அம்மா திரும்பி உள்ளே போனார். அம்மிக்குழவி உருளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எதற்கென்று எனக்குத் தெரியும். எழும்பித் தடுத்திருக்க வேண்டும். நானோ ஒரு உடுப்பிட்டிக்காரி எங்கள் கூழைக் குறைத்துச் சொன்ன கவலையில் பேசாமல் இருந்தேன்.

தமிழ் முடிந்து சிங்களம் தொடங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. மாத்தையா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிருபா அக்கா எட்டாவது பிளாவைக் குடித்தார். வாயைத் திறந்தார்.

"விக்!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி எடுத்தார்கள். ஒன்பதாவது பிளா. சிங்களத்தில் இரண்டு சொல், ஒரு விக்கல். இரண்டு சொல், ஒரு விக்கல். கண்ணிலும் மூக்கிலும் ஒன்றாய் நீர் கொட்டியது. அடுத்த முறை கமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா ஒரு கரண்டி சீனியோடு காட்சிக்குள் நடந்து வந்தார்.

"வாயைத் திற பிள்ளை. இவங்கள் உன்னைக் கொல்லப் போறாங்கள்."

"கட்!" என்று சிவா அண்ணை கத்தினார். மாத்தையா கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனார். யாருக்கு அழைக்கிறார் என்று எல்லாருக்கும் விளங்கியது.

நான் கிணற்றடிக்கு ஓடினேன். கிருபா அக்கா வாளிக்குள் முகத்தை வைத்திருந்தார். நிமிர்ந்தபோது உதடு இரண்டும் வீங்கியிருந்தன.

"பிழை என்னிலைதான் அக்கா," என்றேன்.

"ஓம், உன்னிலைதான்." விக்கல். "ஆனா உறைக்குது எண்டு நானும் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரேல்லை." கடலேரியைப் பார்த்தார். வெளிச்சம் இன்னும் பத்து நிமிடம் நிற்கும். "ஒரு விக்கலுக்கும் அடுத்த விக்கலுக்கும் இடையிலை ரெண்டு சொல்தான் போகுது, தம்பி. நீ எழுதினதை நான் சொல்லாட்டிக் கோவிப்பியோ?"

பதினொரு வசனம். மூன்று இரவு கண் விழித்து எழுதியது.

"இல்லை," என்றேன்.

அந்தப் படத்துக்கு நான் எழுதிய ஒரே நல்ல வசனம் அதுதான்.

கடைசி முறை. கிருபா அக்கா பிளாவை இரண்டு கையாலும் பிடித்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். கண்ணில் நீர் இல்லை. (வரவேண்டியதெல்லாம் ஏற்கெனவே மூக்கால் போய்விட்டது.) பிளாவைக் கீழே வைத்தார். வாயை இறுக மூடிக்கொண்டு கடலேரிப் பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே விக்கல் வந்திருக்க வேண்டும். வெளியே தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது. அவ்வளவுதான். மூன்று நாளும் அழாத ஒரு பெண்ணின் உடம்பு அவளுக்குத் தெரியாமல் ஒருமுறை அழுதது போல இருந்தது. கலை இயக்குநர் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைக்க மறந்து நின்றார். நானும் நிலவை மறந்து நின்றேன்.

வேலிப் பக்கம் போன மாத்தையா எப்போது திரும்பி வந்தாரோ தெரியாது. கமராவுக்குப் பின்னால் நின்றார். சிங்களத்தில் மெல்ல ஏதோ சொன்னார்.

"என்னவாம் அண்ணை?" என்று கேட்டேன்.

"இவதானாம். வேறை ஆள் வேண்டாமாம்." சிவா அண்ணை மொழிபெயர்த்தார். பிறகு அவர் மூளை வேலை செய்யத் தொடங்கியது. "இதிலை ஒரு சொல்லும் இல்லையே. இதையே தமிழுக்கும் போடலாம்."

"அப்ப என்ரை வசனம்?"

"எந்த வசனம்?" என்றார்.

கிருபா அக்கா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து அழுதார். சந்தோசத்திலா, மிளகாயிலா என்று அவருக்கே தெரியாதாம். அம்மா பக்கத்தில் இருந்து சீனி ஊட்டினார். "இப்ப சொல்லு, உறைப்போ இல்லையோ?" என்று கேட்டார். "உறைப்புத்தான் அன்ரி," என்று உடுப்பிட்டி கடைசியில் சரணடைந்தது.

படம் இரண்டு மொழியிலும் வந்தது. இரண்டிலும் என் நிலவு இல்லை. முடிவில் ஓடிய பெயர்களில் 'கூழ்' என்று போட்டு அம்மாவின் பெயர் தமிழிலும் இருந்தது, சிங்களத்திலும் இருந்தது. பட மண்டபத்தில் அம்மா எழும்பி நின்று பார்த்தார். பின்வரிசைக்காரர் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

கிருபா அக்கா இப்போது இரண்டு மொழியிலும் கதாநாயகிக்கு அம்மாவாக நடிக்கும் வயதுக்கு வந்துவிட்டார். அவர் கால்ஷீட்டுக்கு இரண்டு பக்கத்திலும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலோ, நான் ஏதாவது ஒன்றை விரித்துச் சொல்லத் தொடங்கினால், என் மகள் நெஞ்சில் கையை வைத்து "விக்!" என்பாள். மனைவி தொடர்வாள். எண்பது வயது அம்மா உள்ளறையிலிருந்து, எதற்கென்று தெரியாமலே, தானும் ஒன்று போடுவார்.

போன மாதம் கிருபா அக்காவுக்கென்று ஒரு திரைக்கதை எழுதி அனுப்பினேன். அவரே தொலைபேசியில் அழைத்தார். முதல் காட்சியில் அந்தப் பெண் என்ன பேசுகிறாள், ஏன் அப்படிப் பேசுகிறாள் என்று நான் விளக்கத் தொடங்கினேன். கொழும்புப் பக்கம் அமைதியாக இருந்தது. பொறுமையாகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"விக்," என்றார்.

அன்றைக்கே மூன்று பக்கத்தை வெட்டினேன்.