கட்டில்களுக்கு ஓர் ஆர்க்கிடெக்ட்

துபாயில் வானத்தைத் தொடும் கட்டடம் கட்டியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். இரண்டடுக்குக் கட்டிலை மாளிகையாக்கியவர் ஒருவர்தான். அவர் எங்கள் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தார்.

அறந்தாங்கிக்காரர். சைட்டில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்பெண்டர். ரூமுக்கு வந்துவிட்டால் ஆர்க்கிடெக்ட். அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கே மறந்துவிட்டது.

முதலில் அவருக்கு வளைவுப் பித்து. சைட்டில் கழித்துப்போட்ட பிளைவுட்டில் கட்டிலுக்குக் கட்டில் அரண்மனை வாசல் வைத்தார். எழுந்திருக்கும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொண்டோம். அப்புறம் கண்ணாடிப் பித்து. டிரைவர் மணியின் கட்டிலைச் சுற்றிலும் பிளாஸ்டிக் கண்ணாடியால் மூடிவிட்டார்.

"ஏசி காத்து உள்ள வரலண்ணே!"

"வெளிய நின்னு பாருடா, எவ்ளோ அழகா இருக்கு!"

மணி அன்றிலிருந்து வெளியே, வராந்தாவில்தான் படுத்தான்.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் மாட்டினேன். வெள்ளிக்கிழமை வீடியோ காலில் பெண் பார்க்கும் படலம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய், அம்மா நம்பிக்கை இழந்திருந்த நேரம். ஆர்க்கிடெக்ட் என் கட்டிலுக்குத் தங்கத்தாள் ஒட்டிய வளைவு வைத்துக்கொடுத்தார். அசந்துபோய் முடிவெட்டப் போனேன். திரும்பி வந்தால் வளைவு இல்லை, தங்கத்தாள் இல்லை. மொட்டைக் கட்டிலும் வெள்ளைச் சுவரும்தான் இருந்தன. சுவரில் மடக்குப் பலகை ஒன்று.

"அலங்காரமெல்லாம் கலாஸ், முடிஞ்சுபோச்சு தம்பி. நம்ம ஸ்டைல் மாறிருச்சு."

"எனக்குக் கல்யாணமே போயிரும்ணே!"

அழுகை வராத குறை. அதற்குள் போன் அடித்துவிட்டது.

"ரூம் இவ்ளோதானா மாப்ள?" என்றார் பெண்ணின் அத்தை.

"ரூம்கூட இல்லத்த. இந்தக் கட்டில் மட்டுந்தான் எனக்கு."

அத்தையின் தோளுக்குப் பின்னாலிருந்து பெண் எட்டிப் பார்த்தாள். "அந்தப் பலகை எதுக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் மேல்கட்டிலிலிருந்து ஒரு தலை தலைகீழாகத் தொங்கியது. "இறக்குனா சாப்பாட்டு மேசை, மடக்குனா சுவரும்மா! டிசைன் நம்மளது!"

பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் சம்மதம் வந்தது.

"சோபா காட்டுன மாப்பிள்ளைங்கள நிறையப் பாத்தாச்சு. கட்டிலக் காட்டுனது நீங்கதான்," என்று பின்னாளில் சொன்னாள்.

இப்போது ஷார்ஜாவில் எங்களுக்குச் சின்ன பிளாட். போன வெள்ளிக்கிழமை சாப்பிட வந்த ஆர்க்கிடெக்ட் கை கழுவியதுமே அளவு டேப்பை எடுத்துவிட்டார். மறுபடி வளைவுப் பித்தாம். எங்கள் சமையலறை வாசலில் ஆரம்பிக்கப் போகிறாராம். வீட்டு ஓனருக்குத் தெரிந்தால் எங்களைத் துரத்திவிடுவார்.

"வேண்டாம்னு சொல்லுங்க," என்று மனைவி காதைக் கடித்தாள். எப்படிச் சொல்வது? அவர் இல்லையென்றால் இந்தச் சமையலறையே எனக்கில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஒசத்துங்கண்ணே, தலை இடிக்கும்," என்றேன்.