ஏழாவது நரம்பு

காலையில் சாப்பிட்டுவிட்டு எழுத்தர் வாய் கொப்பளித்தபோது, தண்ணீர் துப்பிய திசையில் போகவில்லை. இடது கடைவாயிலிருந்து ஒழுகி, அப்போதுதான் தேய்த்துப் போட்டிருந்த சட்டையை நனைத்தது.

“ஏங்க, பார்த்துத் துப்பக் கூடாதா?” என்றாள் மனைவி.

“பார்த்துத்தான் துஃபினேன்” என்றார் எழுத்தர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘ப்’ வெறும் காற்றாகப் போயிருந்தது.

கண்ணாடியில் பார்த்தார். முகத்தின் இடது பாதி, கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி தொங்கியது. வலது பாதி மேலே இழுத்துக்கொண்டு நின்றது. கண்களை மூடினார். வலது கண் மட்டும் மூடியது. இடது கண் திறந்தபடியே, மூடியிருந்த மற்றதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தது.

நரம்பு டாக்டர் அவரைப் புருவம் தூக்கச் சொன்னார், கன்னத்தை உப்ப வைக்கச் சொன்னார், ஈ என்று பல்லைக் காட்டச் சொன்னார். இடது பக்கம் எதற்கும் மசியவில்லை.

“பக்கவாதமா டாக்டர்?”

“பயப்படாதீங்க, அது இல்லை. மூளையிலிருந்து முகத்துக்குன்னு ஒரு நரம்பு வருது, ஏழாவது நரம்பு. பக்கத்துக்கு ஒண்ணு. காதுக்குப் பின்னாடி எலும்புல ஒரு குறுகலான பாதை இருக்கு, அது வழியாத்தான் வந்தாகணும். உங்க இடது நரம்பு வீங்கி அங்க மாட்டிக்கிச்சு. நெத்தி சுருக்கறது, கண்ணு மூடறது, சிரிக்கறது எல்லாம் அதோட வேலை.”

“அஃப மூளை?”

“மூளை பாட்டுக்கு உத்தரவு போட்டுக்கிட்டுத்தான் இருக்கு. போய்ச் சேரலை.”

“எங்க ஆஃபீஸ் மாதிரி” என்றார் எழுத்தர் துக்கத்தோடு.

“ரெண்டு மூணு மாசத்துல சரியாயிடும். என்ன வேலை பார்க்கறீங்க?”

“பதிவு ஆஃபீஸ். மூணாவது ஜன்னல். இறஃபு.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “லீவு போட முடியுமா?”

“அம்மா கடைசியாப் படுத்தஃப எல்லாத்தையும் போட்டாச்சு டாக்டர்.”

இருபத்திரண்டு வருடமாக அந்த மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்து அடுத்தவர் வீட்டுச் சாவுகளை எழுதி வருபவர் அவர். மறுநாள் முதலில் வந்தவர் வாட்டசாட்டமான ஆள். காகிதங்களை நீட்டி, பெரியப்பாவின் பெயரைச் சொல்லி நிமிர்ந்தார். எதிரே பாதி வாய் மேலே ஏறியிருந்தது.

“எங்க பெரியப்பா போயிட்டார்ங்கறேன், சிரிக்கறீங்க?”

“சிரிக்கலைங்க. நரம்ஃபு.”

“எந்த நரம்புய்யா இப்படி இளிக்கும்?”

வரிசையில் இருந்தவர்கள் பிடித்து நிறுத்தியிராவிட்டால், அன்றைக்கே வலது பக்கமும் தொங்கியிருக்கும்.

மதியமே ஒரு முகக்கவசம் வாங்கி மாட்டிக்கொண்டார். இரண்டு நாள் நிம்மதியாகப் போயிற்று. மூன்றாம் நாள் பதிவாளர் கூப்பிட்டு ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

“‘என் கணவரின் இறப்பைப் பதிவு செய்யச் சென்ற என்னைப் பார்த்து மேற்படி ஊழியர் மூன்று முறை கண்ணடித்தார்.’ என்னய்யா இது, ரிட்டயர் ஆகப் போற வயசுல?”

“கண்ணடிக்கலை சார். இமைச்சேன்.”

“ஒரு கண்ணாலயா?”

“இன்னொண்ணு வேலை செய்யலை சார்.”

“அப்ப இமைக்காதீங்க.”

இமைக்காமல் இருந்து பார்த்தார். பத்து நிமிடத்தில் கண்ணுக்குள் மிளகாய்ப் பொடி தூவினாற்போல் எரிந்தது. அதனால் முகக்கவசத்துக்கு மேலே கறுப்புக் கண்ணாடி ஏறியது. இப்போது அவர் கண்ணடிப்பதை யாரும் பார்க்கவில்லை. அவருக்கும் படிவம் தெரியவில்லை. இறந்தவர் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில், தகவல் சொல்ல வந்தவர் பெயரை எழுதிவிட்டார்.

நான்கு நாள் கழித்து அந்த ஆள் சான்றிதழோடு வந்து நின்றார்.

“லைசென்ஸ் புதுப்பிக்கப் போனேன் சார். நான் செத்துட்டேங்கறாங்க. எங்க மாமனார்தான் உசுரோட இருக்காராம்.”

“தஃபு நடந்துடுச்சு. திருத்திடலாம்.”

“திருத்துங்க. ஆனா என் பொண்டாட்டி இதைப் பார்த்துட்டு அழுகையை நிறுத்திட்டு, ‘அப்ப அப்பா இருக்காரா?’ன்னு கேட்டா சார். அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

எழுத்தர் சான்றிதழைத் திருத்த வாங்கிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியையும் முகக்கவசத்தையும் கழற்றி மேஜைக்குள் போட்டார்.

பதிவாளர் அவரை இரண்டாம் ஜன்னலுக்கு மாற்றினார். அது பிறப்பு. அங்கே வேலை பார்த்த அம்மாளுக்கு அலுவலகத்தில் தொட்டிலக்கா என்று பெயர். அந்த அம்மாள் நாற்காலியில் எழுத்தர் உட்கார்ந்தால், வருகிறவர்களுக்கு அவரது இடது பக்கம்தான் தெரியும். முதலில் வந்தது ஓர் இளம் தகப்பன்.

“பொண்ணு பொறந்திருக்குன்னு சொல்றேன், மூஞ்சியை இப்படித் தொங்கப் போடறீங்க? இந்தக் காலத்துலயும் இப்படியா சார்?”

பின்னால் நின்ற தாய்மார்கள் சும்மா விடவில்லை. தனக்கும் மகள்தான் என்று எழுத்தர் சொல்ல வாயெடுத்தபோது வெறும் காற்றும் கொஞ்சம் எச்சிலும் வந்தன.

கடைசியில் வழி சொன்னவர் தொட்டிலக்கா.

“மேஜையை ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல போட்டுடலாம். இறப்புக்காரங்க இவருக்கு இடது பக்கம் வரட்டும், பிறப்புக்காரங்க வலது பக்கம். ரெண்டையும் இவரே பார்த்துக்கட்டும். நான் உள்ளே பழைய ரிஜிஸ்டரைப் பார்த்துக்கறேன்.”

அவருக்கு வேலை இரண்டு மடங்காயிற்று. ஆனால் புகார் நின்றது. மூடாத இடது கண்ணில் எந்நேரமும் தண்ணீர் வழிய, துக்க வீட்டுக்காரர்கள் அவரையே தேற்றினார்கள். “அழாதீங்க சார், வயசாகித்தான் போனாங்க” என்று ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். வலது பக்கம் வந்தவர்கள் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டி, “மாமாவைப் பாரு, எப்படிச் சிரிக்கறார்!” என்றார்கள்.

வீட்டில் எப்போதும் இடது பக்கம் உட்கார்ந்து சாப்பிடும் மனைவி, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலியை வலது பக்கம் போட்டுக்கொண்டாள்.

“என்ன அங்க?”

“சும்மாத்தான். காத்து வருது.”

“எல்லாம் போகட்டும். என் சிரிஃபு திரும்பி வந்தாஃ போதும். எஃபடிச் சிரிச்ச மூஞ்சி!”

மனைவி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

மூன்றாம் மாதம் ‘ப்’ திரும்பி வந்தது. தண்ணீர் துப்பிய இடத்தில் போய் விழுந்தது. இடது கண் மூடித் திறந்தது. அந்த வாரமே, வலது பக்கம் வந்த ஒரு பாட்டனார் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு, “எங்க பிள்ளைக்கு ஏதாவது கெட்ட சேதியா சார்?” என்றார்.

எழுத்தர் எழுந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்தார். இப்போது வலது பக்கமும் தொங்கிவிட்டிருந்தது.

வீட்டில் மனைவி நாற்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்தியிருந்தாள். அவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் சாப்பிட்டு முடித்தார்.

“அந்தப் பக்கத்துக்கும் பரவிடுச்சு” என்றார். “கிளம்பு. இனி வேலைக்கும் உலை வச்சுடுவாங்க.”

நரம்புச் சோதனை அறையில் இருந்தது ஒரு சின்னப் பெண். காதுக்கு அடியில் சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்தாள். கன்னம் துடித்தது. திரையில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு கோடுகள் எழும்பின.

“ரெண்டும் அச்சு எடுத்த மாதிரி இருக்கு சார். இடது நரம்பு முழுசா தேறிடுச்சு. வலதுக்கு எப்பவுமே ஒண்ணும் இல்லை, இடது தளர்ந்திருந்தப்ப அது மேலே இழுத்துக்கிட்டிருந்தது, அவ்வளவுதான்.”

“அப்ப ஏன் ரெண்டு பக்கமும் தொங்குது?”

“முகத்தை இறுக்காதீங்க. சாதாரணமா வச்சுக்கங்க.”

“சாதாரணமாத்தாம்மா வச்சிருக்கேன்.”

அந்தப் பெண் திரையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “முன்னாடி எப்படி இருந்தீங்கன்னு தெரிஞ்சா ஒப்பிட்டுப் பார்க்கலாம். போட்டோ ஏதாவது இருக்கா?”

“காட்டு, காட்டு” என்றார் எழுத்தர் மனைவியிடம். “நான் நல்லா சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுத்துக் காட்டு.”

மனைவி போனில் வெகுநேரம் தள்ளித் தள்ளித் தேடினாள். பிறகு ஒரு படத்தை, முகம் மட்டும் தெரியும்படி பெரிதாக்கி நீட்டினாள்.

“ஐயோ, ஆமா சார், ரெண்டு பக்கமுமே தொங்கிப்போயிருக்கு” என்றாள் அந்தப் பெண். “இது எப்பம்மா, வியாதி முத்தியிருந்தப்ப எடுத்ததா?”

“இல்லம்மா” என்றாள் மனைவி. “எங்க கல்யாணத்தன்னிக்கு எடுத்தது. இருக்கறதுலயே இதுலதான் கொஞ்சம் சிரிச்சிருக்கார்.”