எச்செம் சாரின் கோட்டும் என் மீசையும்

அழுகை இல்லாத பிரிவு உபசார விழா உலகத்தில் கிடையாது. அதுவரை ஒருவர் டிபன் பாக்ஸை ஒருவர் திருடித் தின்றவர்கள், சட்டையில் மை தெளித்துக்கொண்டவர்கள், மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எல்லோரும் அந்த ஒரு மத்தியானம் மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணைக் கசக்குவார்கள். எங்கள் பன்னிரண்டாம் வகுப்பிலும் எல்லோரும் அழுதார்கள். நானும்தான். ஆனால் நான் அழுதது பிரிவுத் துயரத்தால் அல்ல. என் மீசையை நாலு பேர் மாற்றி மாற்றிப் பிடித்து இழுத்ததால்.

(நான் பெண்பிள்ளை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் குழப்பம் வரும்.)

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்பா தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். நான் ஆறாவதிலிருந்து ஏற்காட்டில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தேன். வகுப்பிலேயே உயரம் நான்தான். பையன்களையும் சேர்த்துத்தான். பிரேயரில் என் பின்னால் நிற்பவர்களுக்குக் கொடி தெரியாது.

விழாவுக்கு ஒரு நாடகம் போட முடிவாயிற்று. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் நாங்கள் சேர்ந்து செய்த அட்டூழியங்கள்தான் கதை. எழுத்தும் இயக்கமும் கரடியூர் செல்வராசு. ஏழாவதில் தமிழய்யாவின் சாக்ஸுக்குள் அட்டை புகுந்து, அவர் திருக்குறளைப் பாதியில் விட்டுவிட்டு மேஜை மேல் ஏறியது ஒரு காட்சி. ஒன்பதாவதில் அறுப்பதற்காக வைத்திருந்த தவளை ஜன்னல் வழியாகத் தப்பித்து, அதைப் பிடிக்கப் போன பத்துப் பேரும் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டது இன்னொன்று. தினமும் காலையில் கேட்டில் நின்று, தாமதமாக வருகிறவர்களைப் பிடிக்கும் தலைமையாசிரியர், எங்கள் எச்செம் சார், எல்லாக் காட்சியிலும் வருவார்.

எச்செம் சார் என்றால் கோட்டு. வெயிலோ மழையோ, அந்தப் பழுப்புக் கோட்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஆளும் நல்ல உயரம். கோட்டை எங்கள் பையன்கள் போட்டால் முழங்காலுக்குக் கீழே தொங்கும் என்று செல்வராசு கணக்குப் போட்டான். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"மாட்டேன்" என்றேன்.

"ரோசு, ஏழு வருசமா உன் முதுகைப் பாத்துத்தான் நாங்க படிச்சோம். இது ஒண்ணு செய்ய மாட்டியா?" என்றான் செல்வராசு. ஒத்துக்கொண்டேன். (புகழ்ச்சிக்கு மயங்கும் புத்தி அப்பவே உண்டு.)

விழா அன்று மத்தியானம், எச்செம் சார் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, கோட்டுக்காக அவர் வீட்டுக்கு நானே போனேன். அவர் வீட்டம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஏனுங்கம்மா, நாடகத்துக்கு சாரோட கோட்டு ஒரு மணி நேரம் கெடைக்குங்களா? சாருக்குத் தெரியக் கூடாதுங்க."

அந்தம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நாள் பூராவும் வெச்சுக்க கண்ணு. போன பனிக்கு நான் ஒக்காந்து ஒக்காந்து ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தேன். ஒரு நாளும் போட்டதில்ல. கோட்டு வெளுக்கப் போயிருக்குன்னு சொல்லிப்புடறேன். இன்னைக்குப் போட்டுத்தானே ஆவணும்!"

அடுத்தது மீசை. என் சடை நுனியில் ஒரு கொத்து வெட்டியாயிற்று. கோந்து போட்டு ஒட்டினால், பனிக் காற்றில் பிசுபிசுத்து ஒரு பக்கம் தொங்கியது. செல்வராசு வெளியே ஓடி, பள்ளிக்கூடத்துப் பலாமரத்தில் ஒரு பிஞ்சைக் கீறி, பாலை இலையில் ஏந்திக்கொண்டு வந்தான்.

"இது உழுவாது, ஒட்டுனா ஒட்டுனதுதான்" என்றான்.

அவன் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

கோட்டு, மப்ளர், அப்பாவின் பழைய பேண்ட், காதோடு சேர்த்துத் தலையில் சுற்றிய துண்டு, மீசை. எல்லாம் முடிந்ததும் செல்வராசு என்னைச் சுற்றி வந்து பார்த்தான். "பின்பக்கத்துக் கேட்டுல போயி நில்லு. ஜூனியர் பசங்க பயந்தா வேசம் சரி."

அன்று தை மாதக் கடைசி. மத்தியானமே பனி இறங்கி, பக்கத்தில் நிற்கும் மரம் கூடத் தெரியவில்லை. நான் கேட்டருகில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஏழாவது படிக்கும் இரண்டு பேர் முறுக்குப் பொட்டலத்தோடு பனிக்குள்ளிருந்து வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். ஒருவன் "சார், இவன்தான் சார் வாங்கச் சொன்னான்" என்று பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். எனக்கு ஏற்பட்ட கர்வத்தைச் சொல்லி முடியாது. முறுக்கைத் தின்றுகொண்டே இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் ஜீப் வந்தது.

சிறப்பு விருந்தினர், கிளியூர்ப் பக்கம் புதிதாக எஸ்டேட் வாங்கியிருந்த ஒரு பெரியவர். அவரை வரவேற்க எல்லா ஆசிரியர்களும் மாலையோடு முன்வாசலில் நின்றிருந்தார்கள். பனியில் வழி தெரியாத டிரைவர் ஜீப்பைப் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். பெரியவர் இறங்கினார். சோடாப்புட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டினார். மாட்டின வேகத்தில் அது மறுபடியும் பனி பூத்தது. அந்த அரைக் கண்ணோடு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வணக்கமுங்க எச்செம் சார்! உங்க கோட்டைப் பத்தி ஊரே சொல்லுச்சு. பாத்தவொடனே தெரிஞ்சுக்கிட்டனுங்க!"

'நான் எச்செம் இல்லீங்க, பன்னெண்டாவது பி' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் நிறைய முறுக்கு. அதை விழுங்கி முடிப்பதற்குள் அவர் ஜீப்பிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து என் மேல் போர்த்திவிட்டார். பொன்னாடை போர்த்தினவரிடம் ஆள் மாறிப்போச்சு என்று எப்படிச் சொல்வது? சொன்னால் எச்செம் சாருக்குத் தெரியும். தெரிந்தால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடைக்குமா? நான் கும்பிட்டேன்.

"வாங்க" என்றேன், வயிற்றின் அடியிலிருந்து.

"தொண்டை கட்டிருச்சுங்களா?"

தலையாட்டினேன்.

"மிளகு ரசம் வெச்சுக் குடிங்க. நம்ம தோட்டத்து மிளகு குடுத்தனுப்பறேன்."

விழா மண்டபம் பள்ளிக்கூடத்தின் மறுகோடியில் இருந்தது. நடந்தோம். எதிரே வந்த பிள்ளைகள் எல்லாம் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் பனிக்குள் மறைந்தார்கள். பெரியவருக்கு அது நொம்பப் பிடித்துப்போயிற்று. "புள்ளைங்ககிட்ட நல்ல மருவாதி வெச்சிருக்கீங்க. இந்த ஸ்கூலுக்கு எதாச்சும் செய்யணும்னு எனக்கு ஆசைங்க. கூச்சப்படாமச் சொல்லுங்க. என்ன வேணும்?"

எச்செம் சாரின் கனவு என்னவென்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். முன்வாசலில் ஒரு பெரிய வளைவு. அதற்குப் படம் கூட வரைந்து அறையில் மாட்டியிருந்தார். அதைச் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நல்லது.

ஆனால் நாங்கள் அப்போது நின்ற இடம் பெண்பிள்ளைகளின் கக்கூஸுக்கு எதிரே. நான் ஆறாவதில் சேர்ந்தபோதே அதற்குக் கதவு கிடையாது. ஒரு சாக்குத்தான் தொங்கும். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே குடையை விரித்துக்கொண்டு காவல் நிற்க வேண்டும். எங்கள் சிநேகிதம் எல்லாம் உண்டானதே அப்படித்தான். யார் குடை பிடித்தார்களோ அவள்தான் உயிர்த்தோழி. சண்டை வந்தால் பழிவாங்குவதும் அங்கேதான், குடையை மடக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அன்றும் ஒன்பதாவது பிள்ளை ஒருத்தி குடையோடு நின்றிருந்தாள். என்னை எச்செம் என்று நினைத்து, கூச்சத்தில் குடைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"கதவுங்க" என்றேன். எச்செம் குரலில் சொன்னேனா, என் குரலில் சொன்னேனா, தெரியாது.

"என்னங்க?"

"பொம்பளப்புள்ளைங்க கக்கூஸுக்குக் கதவு வேணுங்க. உள்பக்கம் தாப்பாளோட."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை அல்ல. "நானும் மூணு பொண்ணுங்களைப் பெத்தவனுங்க" என்றார்.

அதற்குள் எதிரே பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு உருவம் ஓடி வந்தது. கிளிப்பச்சை ஸ்வெட்டர். மார்பில் இரண்டு ஆரஞ்சு மயில்கள். தலையில் துண்டு. கோட்டு வெளுக்கப் போனதை நம்பாமல் வீடு முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு வந்த எச்செம் சார்.

"ஏப்பா வாட்ச்மேன்! ஜீப்புல கொய்யாப்பழக் கூடை இருக்குது. புள்ளைங்களுக்குக் கொண்டாந்தது. எறக்கி மண்டபத்துல வெச்சுரு சாமி" என்றார் பெரியவர்.

எச்செம் சார் கோட்டைப் பார்த்தார். கோட்டுக்கு மேலே பொன்னாடையைப் பார்த்தார். அதற்கும் மேலே மீசையைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது.

"உங்க எச்செம் மாதிரி ஒருத்தரை நான் பாத்ததே இல்லப்பா. அவரு என்ன கேட்டாலும் செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார் பெரியவர்.

எச்செம் சார் வாயை மூடினார். வளைவு அவர் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மண்டபத்து வாசலில் தமிழய்யா பதறி ஓடி வந்து பெரியவரை மேடைக்கு அழைத்துப் போனார். நான் திரைக்குப் பின்னால் பாய்ந்து ஒளிந்தேன். அங்கிருந்து பார்த்தால் மேடை முழுக்கத் தெரியும். எச்செம் சார் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பெரியவர் அவரைப் பார்த்து நெகிழ்ந்துபோய், பக்கத்திலிருந்த தமிழய்யாவிடம், "வாட்ச்மேனுக்கும் மேடையில நாற்காலியா! பெரிய மனசுங்க உங்க எச்செமுக்கு" என்றது எனக்கே கேட்டது. தமிழய்யா ஒன்றும் புரியாமல் இரண்டு பக்கமும் சிரித்து வைத்தார்.

பெரியவர் பேச எழுந்தார். "பொதுவா எச்செமுங்க ஆர்ச்சு கேப்பாங்க, கொடிமேடை கேப்பாங்க. உங்க எச்செம் என்ன கேட்டாரு தெரியுங்களா? பொம்பளப்புள்ளைங்க கக்கூஸுக்குக் கதவு கேட்டாரு. நாளைக்கே வரும்!"

பெண்பிள்ளைகள் பக்கமிருந்து எழுந்த கைதட்டல் இருக்கிறதே, கூரைத் தகரம் அதிர்ந்தது. எச்செம் சார் முகத்திலிருந்த வளைவு ஒவ்வொரு கல்லாக இடிந்து விழுந்ததை நான் பார்த்தேன். ஆனால் கைதட்டல் நிற்கவே இல்லை. அவர் மெதுவாக எழுந்து கைகூப்பினார்.

"நீ எதுக்குப்பா எந்திரிக்கற?" என்றார் பெரியவர், மைக்கிலேயே.

கைதட்டலைக் கேட்ட செல்வராசு நாடகம் ஆரம்பம் என்று நினைத்துவிட்டான். என் முதுகில் கையை வைத்து ஒரே தள்ளு. பொன்னாடையோடு நான் மேடை நடுவில் போய் நின்றேன். விளக்கு வெளிச்சத்தில் பெரியவரின் கண்ணாடி இப்போது பளிச்சென்று இருந்தது. என்னைப் பார்த்தார். துண்டு நழுவி, என் சடை தோளில் வந்து விழுந்தது.

எச்செம் சார் மைக்கை வாங்கினார். செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்க ஸ்கூல்ல எச்செம் ரெண்டு பேருங்க. கேக்கறதுக்கு ஒருத்தரு. கூடை தூக்கறதுக்கு ஒருத்தரு."

பெரியவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று கொய்யாக் கூடைக்குள் விழுந்தது.

நாடகம் நடக்கவில்லை. அதற்கு மேல் நடிக்க என்ன இருக்கிறது? எல்லோரும் குரூப் போட்டோவுக்கு வெளியே வந்தோம். எச்செம் சார் என்னைக் கூப்பிட்டார். "கோட்டைக் கழட்டு. மீசையையும் கழட்டு."

கோட்டு வந்தது. மீசை வரவில்லை. நான் இழுத்தேன். செல்வராசு இழுத்தான். தமிழய்யா இழுத்தார். எச்செம் சாரும் ஒரு தடவை இழுத்தார், அதில் பழைய கோபம் கொஞ்சம் இருந்தது. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதைப் பார்த்த என் தோழிகள், பிரிவை நினைத்து அழுகிறேன் என்று அவர்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தேங்காயெண்ணெய் போட்டால் வரும் என்றார்கள். சேலத்திலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் காத்திருக்க முடியாது என்றுவிட்டார். "கொண்டை ஊசி வளைவெல்லாம் பனிங்க, நான் கீழ எறங்கோணும்."

எச்செம் சார் யோசித்தார். "தாவணியைக் கட்டிக்கிட்டு மீசையோட நின்னா ஸ்கூல் மானம் போயிரும். கோட்டைப் போட்டுக்க" என்றார். அப்படியே வாத்தியார்கள் வரிசையில் நின்றேன். அவர் மயில் ஸ்வெட்டரோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வீட்டம்மா தூரத்தில் நின்று பார்த்துப் பூரித்துப்போனார்.

அடுத்த நாளே கதவு வந்தது. தாழ்ப்பாள் போடும் சத்தத்தைக் கேட்பதற்காகவே அன்று முழுக்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எச்செம் சார் என்னைத் திட்டவே இல்லை. அந்தப் பக்கம் போகும்போது, "தாப்பாள் சரியா உழுவுதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

கல்யாணத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது அந்த போட்டோ எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. வரப்போகும் மாமியார் அதை உற்றுப் பார்த்து, "இந்த மீசைக்காரரு யாருங்க? பொண்ணு சாடை இருக்குதே?" என்றார். அப்பா தடுமாறி, "எங்க வழியில தூரத்துச் சொந்தமுங்க" என்றுவிட்டார். கல்யாணத்தன்று, "அந்த மீசைக்காரரு வரலீங்களா?" என்ற கேள்வி. "எஸ்டேட்டுல நொம்ப வேலைங்க" என்றார் அப்பா. அன்றிலிருந்து என் கணவர் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் அத்தை அவரை விசாரிப்பார். உண்மை எல்லோருக்கும் தெரியும், அத்தையைத் தவிர. அவரிடம் சொல்லக்கூடாது என்பது குடும்பச் சட்டம். பந்தியில் மீசை மாமாவுக்கு ஒரு இலை தனியாக விழும். அதில் வைக்கும் பலகாரத்தை என் கணவர்தான் தின்பார்.

போன வருடம் என் மகள் நிச்சயதார்த்தத்தில் அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை.

"ஏன் கண்ணு, அந்த மீசைக்காரரு இன்னும் நல்லா இருக்காரா?"

"இருக்காருங்க அத்தை."

"வயசாயிருக்குமே. மீசை நரைச்சிருச்சா?"

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் என் மேலுதட்டையே பார்த்தார்கள். என்னை அறியாமல் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"இப்பத்தானுங்க அத்தை, ஒண்ணு ரெண்டு."