மாமனார் வைத்த பரீட்சை

"தம்பி, இந்தப் பாறையை நாம ஏற்கெனவே பார்த்தோமோ?"

பெண்ணின் அப்பா இப்படிக் கேட்டதும் கண்ணாடிக் கடைக்காரனுக்கு உள்ளுக்குள் குஷி பிறந்தது. வந்துவிட்டது பரீட்சை!

காலையில் கிளம்பும்போதே அவள் வாசலில் வைத்துக் காதைக் கடித்திருந்தாள். "அப்பா உங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போறது காத்து வாங்க இல்ல. நடுக்காட்டுல வழி தவறிட்ட மாதிரி நடிப்பாரு. ஆள் பதறுறானா, சமாளிக்கிறானான்னு பார்ப்பாரு. முன்னாடி வந்த ரெண்டு பேரும் அதுலதான் அவுட். பதறினீங்க, நம்ம கதை அவ்வளவுதான்."

பதறாமல் இருப்பது அவனுக்கு ஆகாத காரியம். கடைக்குக் கண் காட்ட வருகிறவர் ஓர் எழுத்தைப் படிக்கக் கொஞ்சம் தாமதித்தாலும், பொறுக்க முடியாமல் தானே சொல்லிவிடுகிற ரகம். ஆனால் இது வாழ்க்கைப் பிரச்சினை. காட்டில் தப்பிப் பிழைப்பது எப்படி என்று ஒரு வாரமாக வீடியோ பார்த்துத் தயாராகத்தான் வந்திருந்தான்.

தவிர, பெண்ணின் அப்பா யார்? சர்வே ஆபீசில் ஆயுள் முழுக்க வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் கையில் ஒரு மேப்பைச் சுருட்டி வைத்திருக்கிறார். அவராவது வழி தவறுவதாவது! மீனுக்கு நீச்சல் மறந்ததாம்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க மாமா."

"சாருன்னே கூப்பிடுங்க. மாமாவெல்லாம் அப்புறம் பார்க்கலாம்."

"சரிங்க சார். முதல்ல தலை சூடாகக் கூடாது. சூடானா புத்தி குழம்பிடும்." பாட்டில் தண்ணீரில் பாதியைத் துண்டில் கொட்டிப் பிழிந்து அவர் தலையில் போட்டான்.

"இது குடிக்கிற தண்ணி இல்லையா?"

"விடுங்க சார்" என்று கண்ணடித்தான். கண்ணடித்த பிறகுதான் யாரிடம் என்பது உறைத்தது. தூசி விழுந்தவன் போலக் கண்ணைத் தேய்த்துக்கொண்டான்.

அவர் போனில் சிக்னல் இல்லை. இவன் போனோ, பெரியவரோடு போகும்போது நோண்டக் கூடாது என்கிற மரியாதையில், மலையடிவாரத்தில் நின்ற காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

அதனால் என்ன? சட்டைப் பையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி உதட்டில் வைத்தான்.

"மூணு தடவை விட்டு விட்டு ஊதினா, ஆபத்துன்னு அர்த்தம் சார்."

ஊதினான். என்ன ஆச்சரியம், எதிர்ப்புறப் புதருக்குள்ளிருந்து மூன்று விசில் பதிலுக்கு வந்தது!

"ஆள் இருக்காங்க!" பெரியவரே முந்திக்கொண்டு இறங்கினார். முள் கிழிக்க, சரிவில் சறுக்க, விசிலுக்கு விசில் பதில் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். கிளையில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்னொரு விசில் அடித்துப் பறந்தது.

"பாதை எங்க தம்பி?"

"பின்னாடி இருக்கு சார்."

பின்னால் முள்தான் இருந்தது. பெரியவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. என்ன நடிப்புடா சாமி, வியர்வையைக்கூட நினைத்தபோது வரவழைக்கிறாரே என்று வியந்துபோனான்.

"இனிமே அலையக் கூடாது சார். ஒரே இடத்துல இருக்கணும். பளிச்சுனு ஒரு நிறம் உயரத்துல தெரிஞ்சா தேடுறவங்களுக்குச் சுலபம்."

அவள் வாங்கித் தந்த புதுச் சிவப்புச் சட்டையைக் கழற்றிக் கம்பில் கட்டிப் பாறை மேல் நட்டான். பனியனோடு நிழலில் வந்து உட்கார்ந்தான். ஆனால் உட்கார முடியவில்லை. எழுந்தான், நடந்தான், திரும்ப உட்கார்ந்தான். அதற்குள் ஒரு குரங்கு இறங்கி வந்து, முடிச்சை அவிழ்த்து, சட்டையின் ஒரு கைக்குள் தலையைவிட்டுப் பார்த்து, சட்டையோடு மரமேறியது.

"ஐயையோ, நம்ம அடையாளம் போகுது சார்!"

"போகல தம்பி. ஊர் சுத்துது" என்றார் பெரியவர் ஈனக்குரலில்.

இனிப் புகைதான் வழி. தீப்பெட்டி இல்லை. அவன் பார்வை பெரியவரின் மூக்கின் மேல் நின்றது. இது அவன் தொழிலாயிற்றே!

"உங்க கண்ணாடியைக் குடுங்க சார். நல்ல தடியான லென்ஸ்."

புல் இல்லாத வெறும் பாறையாகப் பார்த்துச் சருகு குவித்து, வெயிலைக் குவியவிட்டான். கை கடுக்கக் கடுக்கப் பிடித்த பிறகு, மெல்லப் புகைந்து பற்றிக்கொண்டது. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுப் பச்சை இலையை மேலே போட்டதும் புகை ஜோராகக் கிளம்பியது. காற்று திசை மாறி, அவ்வளவும் இவர்கள் முகத்துக்கே வந்தது. இருமி, தும்மி, கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்வாங்கியபோது அவன் காலடியில் 'நறுக்' என்றது.

ஆயிரம் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவன், மாமனார் ஆகப் போகிறவரின் கண்ணாடியை மிதித்துவிட்டான்.

"புதுசு போட்டுத் தரேன் சார். பைசா வேண்டாம்."

"அதுவரைக்கும் மேப்பை யாரு படிக்கிறது?"

அதற்குள் ஒரு பொறி காய்ந்த புல் பக்கம் பறக்க, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதும் நெருப்புக்குப் போய்ச் சேர்ந்தது. மூச்சு வாங்க அவனே மேப்பை விரித்தான். ஆறு, மேடு, பள்ளம் எல்லாம் அதில் தெளிவாக இருந்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதுதான் இல்லை.

"இதுல நாம எங்க சார் இருக்கோம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் தம்பி இங்க இருக்கேன்?"

பெரியவர் பாறையில் சாய்ந்தார். உதடு காய்ந்திருந்தது. "ஒருவேளை யாரும் வரலைன்னா... நீங்க மட்டும் எப்படியாவது கீழ போயிட்டா, என் பொண்ணுகிட்ட சொல்லுங்க. அவ இஷ்டத்துக்கு அப்பா குறுக்க நிக்கணும்னு நினைச்சதே இல்லைன்னு." குரல் உடைந்தது.

எல்லாம் நாடகம்தான் என்று தெரிந்தும் அவன் அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தான். அவள் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் இந்நேரம் இவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதிருப்பான். அவர் கையை இறுகப் பிடித்தான்.

"நான் இருக்கேன் சார். உங்களை முதுகுல தூக்கிட்டாவது வீடு சேர்த்துடுவேன்."

அது மட்டும் நடிப்பில்லை.

புதர் சலசலத்தது. காக்கி உடையில் ஒரு வனக் காவலர், மூச்சிரைக்க, கையில் சிவப்புச் சட்டையோடு வந்து நின்றார்.

"யாருதுங்க இது? எவனோ மரத்துக்கு மரம் தாவி உதவி கேக்குறான்னு எதிர் மலை வரைக்கும் துரத்திட்டுப் போயிட்டேன். அப்புறம்தான் இங்க புகையைப் பார்த்தேன்."

அவர் நீட்டிய தண்ணீரைக் குடித்ததும் பெரியவருக்குப் போன உயிர் வந்தது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"சபாஷ் மாப்பிள்ளை! பரீட்சையில பாஸ். கடைசி வரைக்கும் பதறவே இல்லையே நீங்க!"

"ரொம்ப நன்றி சார்!"

"இன்னும் என்ன சாரு? மாமான்னு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, பெரியவர் கம்பீரமாக முன்னால் நடந்தார்.

சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்காரன் மிதந்தான். இந்தப் பெருமையை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும். காவலரின் தோளைத் தொட்டான்.

"எல்லாம் நடிப்புங்க. மாப்பிள்ளைக்கு மாமா வைக்கிற பரீட்சை. எனக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் ஃபெயிலு, தெரியுமா?"

"தெரியாம என்ன? அவங்களையும் நான்தான் கீழ கொண்டுபோய் விட்டேன்" என்ற காவலர், முன்னால் போகிறவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "அதுக்கும் முன்னாடி ஒரு தடவை ஐயா தன்னந்தனியா வந்து, விடிய விடிய மரத்து மேல உட்கார்ந்திருந்தாரு தம்பி. ஏணி வச்சு இறக்கிவிட்டப்போ, அன்னைக்கும் பரீட்சைன்னுதான் சொன்னாரு."