ஆறு முதல் எட்டு வரை

என் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை ஒரு திங்கட்கிழமை மாலை, ஈரக் காலுறையைக் கழற்றிக்கொண்டே அறிவித்தேன்.

"இந்தா பாரு. இன்னையிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணியிலேர்ந்து எட்டு வரைக்கும் இந்த வீட்ல தமிழ் கிடையாது. இந்த ஊர் மொழிதான். யாரு தமிழ் பேசுறாங்களோ, அன்னைக்குப் பாத்திரம் கழுவுறது அவங்க தலையில."

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "யாரு சொன்னது?"

"எங்க மொழி வகுப்பு டீச்சரம்மா. வீட்லயும் பேசினாத்தான் நாக்கு திரும்புமாம்."

டீச்சரம்மா அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் என் காரணம் வேறு. என் காரணம் மனைவியின் அண்ணன்.

மச்சான் ஓய்வுபெற்ற மேஸ்திரி. எதையும் தட்டிப் பார்த்துக் குறை சொல்லாமல் இருக்க மாட்டார். சுவர், கதவு, என் தொப்பை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். நான் சவரம் செய்யும்போது பக்கத்தில் நின்று, "இடது பக்கம் விட்டுப் போச்சு மாப்ளே" என்பார். அவர் மூன்று மாதம் எங்களோடு வந்து தங்க ஆசைப்பட்டார். நான் வேலை முடிந்து ஆறு மணிக்கு வாசலில் கால் வைத்ததும் மனைவி ஆரம்பிப்பாள். "என்னங்க, அண்ணன் கேட்டாரு..." நானும் நாளுக்கொரு சாக்கு சொல்லி வந்தேன். ஊரில் குளிர். வீட்டில் இடமில்லை. எனக்கு ரத்த அழுத்தம். சாக்குகளின் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது.

மனைவிக்கு இந்த ஊர் மொழியில் பதினொரு வார்த்தை தெரியும். எண்ணிப் பார்த்தேன். பால், ரொட்டி, நன்றி, பேருந்து, இப்படி. பதினொரு வார்த்தையை வைத்துக்கொண்டு எந்த அண்ணனையும் கடல் தாண்ட வைக்க முடியாது.

எனக்கும் ஒன்றும் அதிகம் தெரியாது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை. இயந்திரங்களின் இரைச்சலில் ஆறு வருடத்தில் நான் கற்றது மூன்று சொற்கள்: சுடும், தள்ளு, போதும். மேற்பார்வையாளர் ஆக வேண்டுமென்றால் மொழிப் பரீட்சை எழுத வேண்டும். அதற்காகத்தான் வகுப்பு.

முதல் வாரம் சொர்க்கம்.

"பால்?"

"நன்றி."

"ரொட்டி?"

"நன்றி."

அவ்வளவுதான். மிச்சத் தமிழையெல்லாம் அவள் கரண்டியில் காட்டினாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக ஜன்னலில் மழை விழும் ஓசையைக் கேட்டேன். வியாழக்கிழமை, அந்த ஜன்னலோரம் வாய் மூடி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தபோது உள்ளே எங்கோ சுருக்கென்றது. இன்னொரு பிஸ்கட் சாப்பிட்டேன். போய்விட்டது.

இரண்டாம் வாரம், பகலில் கீழ்வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா அங்கே தனியாக இருக்கிறார். தையல்காரராக இருந்து ஓய்ந்தவர்.

"அங்க போய் என்ன பண்ற?"

"பட்டாணி உரிக்கிறோம்."

"பட்டாணிகிட்டயா பேசுற?" என்று சிரித்தேன்.

ஒருநாள் படியேறும்போது கீழே இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு பெண்கள் அப்படிச் சிரிக்க ஒரு புருஷன் வேண்டும். அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே புருஷன் நான்.

ஐந்தாம் வாரம், புதன்கிழமை ஆறரை மணி. வீட்டுக்காரம்மா கையில் ஒரு பூந்தொட்டியோடு மேலே வந்தார். மனைவி தேநீர் ஊற்றினாள். உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்த மொழியில் பேசினாள். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"அன்பான கணவரே, என் மூத்த சகோதரர் மூன்று மாதங்கள் நம்முடன் தங்க விரும்புகிறார். தங்கள் கருத்து என்ன?"

கோப்பையை மேஜையில் வைத்தேன்.

தமிழில் என்றால் நாற்பது காரணம் சொல்வேன். அந்த மொழியில் நான் முடித்திருந்தது ஒன்பது பாடம். வணக்கம் சொல்வது, வழி கேட்பது, வானிலை, அழைப்பை ஏற்பது. மறுப்பது எப்படி என்பது பதினாலாம் பாடம். மொட்டையாக 'முடியாது' என்றால், இங்கே அது முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம் என்று டீச்சரம்மா முதல் நாளே பயமுறுத்தியிருந்தார். தமிழில் கத்தலாம் என்றால், அன்று பார்த்து மனைவி வீட்டிலுள்ள அத்தனை பாத்திரத்தையும் சமையலுக்கு எடுத்திருந்தாள். போதாக்குறைக்கு, பதினைந்து நாளுக்கு மேல் விருந்தாளி தங்க வீட்டுக்காரம்மாவின் சம்மதக் கடிதம் வேண்டும். அதுதான் என் கடைசி ஆயுதம். அந்த ஆயுதம் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

சம்மதம் சொல்லும் எட்டாம் பாடம் தானாக வாயில் வந்தது.

"மிக்க மகிழ்ச்சி. அவர் வருகை எங்கள் பாக்கியம்."

வீட்டுக்காரம்மா கைதட்டினார். பையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தது.

எட்டு மணி அடித்ததும் வெடித்தேன்.

"ஏம்மா, மனசாரவா சொன்னேன்? வேற வார்த்தை தெரியாம சொன்னேன்!"

"தெரியலைன்னா சும்மா இருந்திருக்கலாமே."

"அந்தம்மா என் வாயையே பார்த்துக்கிட்டு இருக்கு, எப்படிச் சும்மா இருக்கிறது?"

"நல்லாத்தானே சொன்னீங்க. பாக்கியம்னு எல்லாம் வந்துச்சு. என்னைப் பத்தி ஒருநாள்கூட அப்படி வந்ததில்லை."

"பேச்சை மாத்தாத. இந்தச் சட்டம் இன்னையோட ரத்து."

"அப்ப பரீட்சை?"

அவள் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"ஆறு வருஷமா இந்த ஊர்ல எனக்குப் பேச்சுத்துணை நீங்க ஒருத்தர்தான். அதுலயும் ரெண்டு மணி நேரத்தைக் குறைச்சீங்க. கீழ போய்ப் பேசக் கத்துக்கிட்டேன். தப்பா?"

தப்பு அவளுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். தப்பு தன் பக்கம் இருக்கும் ஆண்பிள்ளை என்ன செய்வான்? வீம்பு பிடிப்பான்.

நேராகப் பதினாலாம் பாடத்துக்குத் தாவினேன். 'நாகரிகமாகவும் உறுதியாகவும் மறுத்தல்.' பேருந்தில் படித்தேன். சலவைக்கூடத்து நீராவியில் முணுமுணுத்தேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் சத்தமாகவே பழகினேன். சனிக்கிழமை ஆறு மணிக்கு வீட்டுக்காரம்மாவை நானே மேலே அழைத்தேன். மார்பில் கை வைத்து நின்றேன்.

"மதிப்புக்குரிய அம்மையீர், தங்கள் அன்புக்கு நன்றி. ஆயினும் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். எங்களால் இம்முறை விருந்தினரை ஏற்க இயலாது. அருள்கூர்ந்து தங்கள் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்."

ஒரு பிழை இல்லை. ஒரு திக்கல் இல்லை.

வீட்டுக்காரம்மாவின் கண்கள் கலங்கின. எழுந்து நின்று கைதட்டினார்.

"அற்புதம்! பதினான்காம் பாடம்தானே? இன்று வீட்டுப்பாடம் ஒப்பிப்பீர்கள் என்று உங்கள் மனைவி சொன்னார். உண்மையாகவே மறுப்பது போல இருந்தது!"

திரும்பிப் பார்த்தேன். என் பாடப் புத்தகம் மனைவியின் மடியில் விரிந்திருந்தது. வரிக்கு வரி விரல் வைத்துச் சரிபார்த்திருக்கிறாள். நிதானமாகப் பக்கத்தைத் திருப்பினாள். அந்த மொழியிலேயே, எனக்கே பொறாமை வரும் உச்சரிப்பில் சொன்னாள்:

"அடுத்தது பதினைந்தாம் பாடம், விமான நிலையத்தில் உறவினரை வரவேற்றல். அண்ணன் வருவதற்குள் மனப்பாடம் செய்துவிடுங்கள்."